நூற்றில் பதினொரு பேர்

மெத்தைக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. மற்றவர்கள் பெரிய வேலையில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல அவர் அதைப் பற்றிப் பேசுவார். மெத்தை வாங்க வந்தவர்கள் பஞ்சை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இத்தனை வருஷமா சர்க்கரை. ஒரு நாள் படுத்திருப்பேனா? கேட்டுப் பாருங்க."

நன்றாகப் படுத்துக்கொள்ளலாம் என்ற ஆசையில் மெத்தை வாங்க வந்தவர்கள், படுக்கவே படுக்காத ஒரு மனிதரைப் பார்த்து விழிப்பார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மருமகள்தான் பேச்சைத் திருப்பி, "இந்த உறை துணி சாயம் போகாதுங்க" என்று வியாபாரத்தைக் கரைசேர்ப்பாள்.

கீழே கடை, மேலே வீடு. கடைக்குப் பின்னால் பஞ்சு அடிக்கும் மெஷின். அது ஓடும்போது வீடு முழுக்க ஒரு வெள்ளைப் புகை மிதக்கும். சோற்றில் பஞ்சு, தண்ணீர்ச் செம்பில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு. மழைக்காலம் வந்தால் ஈரம் பட்ட பஞ்சைக் கூடத்தில் பரப்பிக் காத்தாடியைச் சுழலவிட வேண்டும். அப்போது அடுப்படிக்குப் போகிறவர்கள் மேகத்தில் நடப்பதுபோல முழங்கால்வரை புதைந்து போவார்கள்.

அந்த வீட்டில் இன்னொரு சர்க்கரைக்காரரும் இருந்தார். மருமகளின் அப்பா. தையல்காரர். மனைவி போன பிறகு தனியாகக் கிடந்தவரை, "வந்துடுங்கப்பா" என்று மகள் அழைத்தாள். "பொண்ணு வீட்ல சும்மா உக்காந்து சாப்பிட மாட்டேன்" என்று அவர் சொன்னார். சொன்னபடியே தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தார். மெத்தை உறை, தலையணை உறை எல்லாம் இப்போது அவர் கைவேலை. சும்மா உட்காரவில்லை, ஆனால் சாப்பாட்டில் ஒரு குறையும் வைத்துக்கொள்ளவில்லை.

"சம்பந்தி, அந்த ஜாமைத் தொடாதீங்க" என்பார் மெத்தைக்காரர்.

"சர்க்கரை என் ரத்தத்துலயே குடியிருக்கு சம்பந்தி. குடியிருக்கிறவனுக்கு அப்பப்ப ஏதாவது கொடுத்தாத்தானே சண்டை போடாம இருப்பான்?" என்று ரொட்டியில் ஜாமைத் தடவுவார் தையல்காரர்.

மருமகளுக்குத் தினமும் இரண்டு சமையல். மாமனாருக்கு உப்புக் குறைந்த கீரை, அளந்து வைத்த சோறு, வாய் கோணும் பாகற்காய்ச் சாறு. மற்றவர்களுக்கு உப்பும் உறைப்புமாக வேறு சமையல். அப்பாவுக்கென்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வீட்டில் எதெல்லாம் மிச்சமோ அதெல்லாம் அவருக்கு. காலையும் மாலையும் இருவரும் நடக்கப் போவார்கள். மாமனார் யாரோ துரத்துவதுபோல முன்னால் போவார். அப்பா பின்னால் போவார். போகிற வழியில் டீக்கடையில் நின்று, பேக்கரியில் நின்று, தெரு நாயிடம் நலம் விசாரித்து, மாமனார் ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போது அவரோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

"பாரும்மா, உங்கப்பாவுக்கு மூச்சே வாங்கல. என்னை மாதிரி வேகமா நடந்தாத்தானே வாங்கும்!" என்பார் மாமனார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஒரு சின்ன வயது லேடி டாக்டர் வந்தாள். ரத்தத்தோடு நிற்காமல் இரண்டு பேருடைய மூத்திரத்தையும் கேட்டாள்.

மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. "சர்க்கரைக்கு ரத்தம் கேளுங்க, தர்றேன். இது எதுக்கு?"

"கிட்னியைப் பார்க்கணும் ஐயா."

"அது நல்லாத்தானே இருக்கு!"

"பார்த்துட்டுச் சொல்றேன்."

கழிப்பறையிலிருந்து ரத்தம் எடுக்கும் ஜன்னலுக்கு, உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் தாண்டித்தான் போக வேண்டும். கடை வைத்திருக்கும் மனிதர், ஊரில் பாதிப் பேர் தன் மெத்தையில் தூங்குகிறார்கள் என்ற நினைப்பில் நடப்பவர், கையில் மூத்திரக் குப்பியோடு எப்படிப் போவார்? கதவோரம் நின்று, "சம்பந்தி" என்று கண்ணைக் காட்டினார். தையல்காரருக்கு இந்த வெட்கமெல்லாம் கிடையாது. இரண்டு குப்பிகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, டீ கொண்டுபோகிறவரைப் போல, "கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி" என்று சொல்லிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் முதலில் தையல்காரரைப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சர்க்கரை அதிகமாத்தான் இருக்கு. ஆனா கிட்னி இப்போதைக்கு நல்லா இருக்கு. புரதம் ஒழுகல."

தையல்காரர் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஐயா, உங்களுக்குத்தான்..." டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "ரத்தத்தைச் சுத்தம் பண்ற சக்தி பாதிக்கும் கீழ இருக்கு. மூத்திரத்துல புரதம் நிறையப் போகுது. உங்க வயசு, இந்த ரெண்டு முடிவு, எல்லாத்தையும் போட்டு ஒரு கணக்கு பண்ணுவோம். உங்களை மாதிரியே இருக்கிற நூறு பேரை ஒரு மைதானத்துல நிக்க வெச்சா, அஞ்சு வருஷத்துக்குள்ள அதுல பதினொரு பேருக்குக் கிட்னி வேலையை நிறுத்திடும். டயாலிசிஸ் மெஷின் தேவைப்படும்."

மருமகள் தன் முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பதினொரு பேர் யாரு?" என்றார் மாமனார்.

"அது தெரியாது ஐயா. எத்தனை பேர்னுதான் கணக்கு சொல்லும். யாருன்னு சொல்லாது."

"நடக்காம கிடக்கிறவங்களா இருக்கும்."

"இந்த நூறு பேரும் உங்களை மாதிரியே இருக்கிறவங்கதான்."

"நூறு பேரும் தினம் பாகற்காய்ச் சாறு குடிக்கிறாங்களா?"

தையல்காரருக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அந்தப் பதினொரு பேரை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டா, மத்தவங்க நிம்மதியா வீட்டுக்குப் போவாங்களேம்மா!"

"அப்பா!" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

"எனக்கு வலியே இல்லையே" என்றார் மாமனார்.

"இது வலிக்காது. வலிக்கிறப்போ ரொம்பத் தாமதம் ஆயிருக்கும். அதனாலதான் முன்கூட்டியே கணக்குப் போடுறோம். மாத்துறதுக்கு நேரம் இருக்கு. நீங்க வேற ஏதாவது மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்து எடுக்குறீங்களா?"

"நானா? வலிக்குதுன்னாத்தானே வலி மாத்திரை? எனக்கு என்ன வலி?"

"சரி. எதுக்கும் இன்னொரு தடவை பரிசோதனை பண்ணிடலாம். ஒரே ஒரு முடிவை வெச்சு நாங்களும் தீர்மானம் பண்றதில்ல."

இந்தக் கடைசி வார்த்தையை மாமனார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்ததும் வெடித்தார்.

"குப்பி மாறிப் போச்சு."

"என்ன மாமா?"

"ரெண்டு குப்பியையும் யார் கொண்டுபோனது? உங்கப்பாதானே? மாத்திக் கொடுத்துட்டார். என்னோட சுத்தமான கிட்னியைத் தன் பேர்ல எழுதிக்கிட்டார்!"

தையல்காரர் வாயிலிருந்த கவளத்தை விழுங்கக்கூட இல்லை. "சம்பந்தி, என் வாழ்க்கையில நான் ஜாம் திருடியிருக்கேன், ஒத்துக்கிறேன். மூத்திரம் திருடினேன்னு யாரும் சொன்னதில்ல."

"அப்ப எப்படி? கேக் தின்னவனுக்கு ஒண்ணுமில்ல, கீரை தின்னவனுக்குக் கிட்னி போச்சா? இது எந்த ஊர் நியாயம்?"

"நியாயம் கேக்கணும்னா உங்க கிட்னியைப் போய்க் கேளுங்க. என்னை ஏன் கேக்குறீங்க?"

பேச்சு தடித்தது. மருமகளின் புருஷன் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். "அந்த ஆஸ்பத்திரி ஆர்டர் ஒண்ணு இருக்கு, கொடுத்துட்டு வந்துடுறேன்" என்று வந்த வழியே இறங்கிப் போய்விட்டான். மெத்தை டெலிவரி என்று ஒரு வேலையை உலகத்தில் கண்டுபிடித்தவன் தன்னைப் போன்ற புருஷன்களுக்காகத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

அன்று மத்தியானம் தையல்காரர் ஸ்பேனர் எடுத்து, தையல் மெஷினின் தலையைக் கால் பலகையிலிருந்து கழற்றத் தொடங்கினார். வெளியே நல்ல மழை. கூடம் முழுக்கப் பஞ்சு காய்ந்துகொண்டிருந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"கிளம்புறேம்மா. திருட்டுப் பட்டம் வாங்கிட்டு இங்க இருக்க முடியுமா? அதுவும் என்ன திருட்டு! வெளியில சொல்லிக்கக்கூட முடியாத திருட்டு!"

மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் அப்பாவின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினாள். அப்படியே பஞ்சுக்குள் இறங்கி நடந்து மாமனார் அறை வாசலில் போய் நின்றாள். இடுப்புவரை வெள்ளை.

"மாமா, இந்த வீட்ல நான் வந்ததிலிருந்து ரெண்டு சமையல் பண்றேன். ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனா? இப்ப ரெண்டு பேருமா சேர்ந்து, சமாதானம் பண்றதை எனக்கு மூணாவது சமையலா ஆக்காதீங்க. நாளைக்கே மறுபடியும் போறோம். இந்தத் தடவை உங்க குப்பியை நீங்களே எடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் யாரும் வீட்டை விட்டுப் போகக்கூடாது, யாரும் யாரையும் திருடன்னு சொல்லக்கூடாது."

அவள் இவ்வளவு பேசி அந்த வீடு பார்த்ததில்லை. மாமனார் தலையை ஆட்டினார். தையல்காரர் மெஷின் தலையைத் திரும்பப் பொருத்தினார். ஒரு திருகை மட்டும் இறுக்காமல் வைத்துக்கொண்டார், மானத்துக்காக.

மறுநாள் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர், குப்பியின் மூடிமேல் தானே காகிதம் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டு, அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்துபோனார். நேற்றுவரை இருந்த வெட்கம் எங்கே போனதோ தெரியவில்லை. பின்னால் தையல்காரர், தொடவே இல்லை என்பதற்குச் சாட்சியாக இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

முடிவு வந்தது. அதே பதினொன்று.

அதற்குப் பிறகு மாமனார் ஒரு சண்டையும் போடவில்லை. அதுதான் மருமகளைப் பயமுறுத்தியது. கடைக்கு வருபவர்களிடம் பஞ்சைப் பற்றி மட்டும் பேசினார். பாகற்காய்ச் சாற்றை வாங்கி ஜன்னல் ஓரம் வைத்து மறந்துபோனார். ஒரு காலையில் அவர் பஞ்சு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, மருமகள் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அந்த டயாலிசிஸ் மெஷின்ல படுக்கணுமாம்மா? வாரத்துல மூணு நாளு?" என்று கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் ஆகல மாமா. நூத்துல எண்பத்தொம்போது பேர் நல்லா இருப்பாங்கன்னுதானே அர்த்தம்?"

"எனக்கு எண்பத்தொம்போது கண்ணுக்குத் தெரியல. அந்தப் பதினொரு பேர்தான் வரிசையா நிக்கிறாங்க. அதுல ஒருத்தன் என்னை மாதிரியே வேட்டி கட்டியிருக்கான்."

அவள் டீ டம்ளரில் விழுந்த பஞ்சை விரலால் எடுத்துவிட்டாள்.

அந்த வாரம் ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அம்மாள் கடைக்குள் வந்தாள். வாட்டசாட்டமான உடம்பு, வேனின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். கக்கத்தில் இருந்த தலையணையைக் கல்லா மேல் தொப்பென்று போட்டாள்.

"என்னங்க தலையணை வித்தீங்க? தலையைத் திருப்பினா சரக்சரக்குன்னு சத்தம். எலி இருக்குன்னு என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டே இறங்கிட்டார்!"

"எங்க கடைத் தலையணையில சத்தமா?" தையல்காரர் எழுந்து வந்தார். அமுக்கினார். சரக். காதருகே வைத்து ஆட்டினார். சரக்சரக். பிறகு ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார், முகம் மாறியது.

"இது என் தையல் இல்ல. இங்க பாரும்மா, கோழி கிளறின மாதிரி இருக்கு. யாரோ பிரிச்சுத் திரும்பத் தைச்சிருக்காங்க."

மாமனார் உள்ளேயிருந்து அவசரமாக வந்தார். "அதை இங்க கொடுங்க சம்பந்தி. நான் வேற தலையணை தர்றேன். அம்மா, நீங்க எது வேணுமோ எடுத்துக்குங்க, பெரிசா எடுத்துக்குங்க—"

அதற்குள் தையல்காரரின் கத்தரி ஓரத்தைக் கிழித்துவிட்டது. பஞ்சோடு சேர்ந்து கல்லா மேல் மாத்திரை அட்டைகள் கொட்டின. பாதி காலியானவை, முழுசாக இருப்பவை, மடக்கி வைத்தவை.

வேன்கார அம்மாள் ஒன்றை எடுத்துப் படித்தாள். "இது வலி மாத்திரையாச்சே. எனக்கு முதுகு பிடிச்சப்போ கொடுத்தாங்க. நாலு நாளைக்கு மேல போடாதேன்னு சொன்னாங்க." பிறகு முகங்களைப் பார்த்தாள். இது எலி விஷயம் இல்லை என்று புரிந்துகொண்டு, பெரிய தலையணையாக ஒன்றை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டாள்.

மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா மாமா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். முட்டி. ரெண்டு முட்டியும். நடக்கக் கிளம்பறதுக்கு முன்னால ஒண்ணு போடுவேன், சாயங்காலம் ஒண்ணு. விக்காத பழைய தலையணை ஒண்ணைப் பிரிச்சு, உள்ள போட்டு, நானே தைச்சு வெச்சிருந்தேன். எவன் எடுத்து வித்தானோ."

"முட்டி வலிச்சா நடக்காம இருக்க வேண்டியதுதானே!"

மாமனார் தையல்காரரைப் பார்க்காமல் சொன்னார். "உங்கப்பா பின்னாலயே வர்றாரேம்மா. நான் நொண்டினா பார்த்துடுவாரே. உடம்பு உடம்புன்னு இத்தனை வருஷமாப் பேசிட்டு, அவர் முன்னால நொண்டிக்கிட்டா போறது?"

தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "யோவ் சம்பந்தி! நான் எங்கய்யா பின்னால வந்தேன்? நான் டீக்கடையில நின்னேன்! பேக்கரியில நின்னேன்! நீங்க நொண்டியடிச்சிருந்தாலும், குட்டிக்கரணம் போட்டிருந்தாலும் நான் பார்த்திருக்கவே மாட்டேனே!"

மாமனார் நிமிர்ந்தார். "ஒரு நாள்கூடப் பின்னால வரலையா?"

"ஒரு நாள்கூட."

"அப்ப நான் யாருக்காக அப்படி ஓடினேன்?"

தையல்காரர்தான் முதலில் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. பிறகு மருமகள். கடைசியில் மாமனாரும், கண்ணைத் துடைத்துக்கொண்டே, தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரை அட்டைகளை மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்தாள்.

"நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்ன வலின்னு கேட்டேன்" என்றார் மாமனார், பள்ளிக்கூடப் பையனைப் போல.

"சர்க்கரை ஏற்கெனவே கிட்னியை அரிச்சிருக்கு. அதுமேல இது. ரெண்டும் சேர்ந்தா கிட்னி என்ன பண்ணும்? இன்னையோட இதை நிறுத்துங்க. பிரஷர் மாத்திரை ஒண்ணு தர்றேன், அது கிட்னிக்கும் பாதுகாப்பு. உப்பு இன்னும் குறைங்க. முட்டிக்கு வேற வழி பார்க்கலாம், மெதுவா நடங்க. மூணு மாசம் கழிச்சுக் கணக்கைத் திரும்பப் போடுவோம். போனது அவ்வளவும் திரும்ப வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா கணக்கு கல்வெட்டு இல்ல, மாறும்."

அந்த மூன்று மாதம் மாமனார் நடக்கப் போகவில்லை. கடைக்குப் பின்னால், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில், யாரும் பார்க்காதபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாத்திரை இல்லாமல் முட்டி இரண்டும் உண்மையைச் சொல்லின. வீதிக்குப் போகச் சொன்னால், "பஞ்சு வேலை இருக்கு" என்பார். ஒரு மூங்கில் கழி வாங்கி வந்தான் மகன். அது மூலையில் நின்றது.

மழை விட்டு வெயில் திரும்பியிருந்த ஒரு காலையில், டெலிவரி வண்டியிலேயே எல்லாரும் கிளினிக்குக்குப் போனார்கள். மகன் ஓட்ட, பின்னால் புது மெத்தைகளுக்கு நடுவே மருமகளும் இரண்டு சம்பந்திகளும்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஐயா, சக்தி கொஞ்சம் ஏறியிருக்கு. புரதம் குறைஞ்சிருக்கு. பதினொண்ணு இப்ப அஞ்சு."

மாமனார் இரண்டு கையையும் கூப்பினார். அந்த வரிசையிலிருந்து ஆறு பேர் விலகிப் போவதை அவர் கண்ணால் பார்ப்பதுபோல இருந்தது மருமகளுக்கு. உடனே அவர் பக்கத்தில் திரும்பினார். எல்லாரும் எதிர்பார்த்ததுதான். "சம்பந்திக்கு எவ்வளவு?"

டாக்டர் அடுத்த காகிதத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு இதுவரைக்கும் இல்லாத புரதம் இப்ப எட்டிப் பார்க்குதுங்க. இப்பவே ஒண்ணும் பயமில்ல. ஆனா இப்படித்தான் ஆரம்பிக்கும். சர்க்கரையைக் குறைச்சே ஆகணும். இப்படியே விட்டா அவர் இருந்த இடத்துக்கு நீங்க வந்துடுவீங்க."

தையல்காரர் சிரிக்கப் பார்த்தார். "பார்த்தீங்களா சம்பந்தி, கடைசியில நீங்கதான் ஜெயிச்சீங்க."

மாமனார் வண்டியில் ஏறி, மெத்தை ஒன்றின்மேல் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எதிரில் அப்பா, முடிவு எழுதிய காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள் மருமகள்.

தெருமுனை வந்ததும் மாமனார் வண்டியின் பக்கவாட்டைத் தட்டினார். "நிறுத்து."

வண்டி நின்றது. மாமனார் இறங்கினார். கழியைக் கொண்டுவரவில்லை. நல்ல வெயில், கடைகளெல்லாம் திறந்திருந்தன, தள்ளாடித் தள்ளாடி, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய, தெரு முழுக்கப் பார்க்க, அவர் நொண்டிக்கொண்டே பேக்கரிக்குள் போனார்.

"இவருக்கு இனிமே ஒண்ணும் கொடுக்காதே" என்று வண்டியைக் காட்டிச் சொன்னார். "கேக், பிஸ்கட், எதுவும். கெஞ்சினாலும் கொடுக்காதே. நல்லாக் கெஞ்சுவார்."

வெளியே வந்து, தெருவைக் கடந்து, டீக்கடைக்குப் போனார். "சம்பந்திக்குச் சர்க்கரை இல்லாம டீ. ஒரு கரண்டி போட்டேன்னு தெரிஞ்சாலும் நான் இங்கயே வந்து உக்காந்துடுவேன்." சலவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன ஐயா, காலுக்கு என்ன?" என்று யாரோ கேட்டார்கள். "முட்டி போச்சு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பழச்சாற்றுக் கடையை நோக்கி நடந்தார்.

"ஐயோ, அந்தக் கடையுமா?" என்று வண்டிக்குள்ளிருந்து தையல்காரர் பதறினார். "நான் அங்க போறது அவருக்கு எப்படித் தெரியும்?"

பழச்சாற்றுக் கடைக்குப் படி உண்டு, உயரமான படி. மாமனார் கீழே நின்று, எந்தக் காலை முதலில் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்காரர் வண்டியிலிருந்து குதித்தார். "நில்லுங்க சம்பந்தி! தனியா ஏறாதீங்க!" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினார். போய்ச் சேர்ந்து, முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்து, "மெதுவா, மெதுவா, இந்தக் காலை வைங்க" என்று தாங்கிப் பிடித்து, தனக்கு இனி எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லப்போகிறவரைப் பத்திரமாகப் படியேற்றிவிட்டார்.